டப்பாச் சடங்கு

போன வாரம் நம் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் நம்மில் ஒருத்தி ஓர் அழைப்பு போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாம் எல்லோரும் அவள் வீட்டுக்குப் போக வேண்டுமாம். எதற்கு என்று சொல்லவில்லை. 'சும்மா வாங்கடி, ஒரு காப்பி குடிச்சுட்டு, ஒரு நல்ல விஷயம் பேசிட்டுப் போகலாம்' என்று மட்டும் எழுதி, கீழே ஒரு பூங்கொத்துப் படம் ஒட்டியிருந்தாள். அவள் ஏதோ ஒரு சத்துப் பவுடர் கம்பெனியில் சேர்ந்திருப்பது ஊருக்கே தெரியும். படி ஏறினால் முழங்கால் முனகுகிற வயது நமக்கு. பவுடர் விற்கத் தோதான வயதுதான். ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள். நான் மட்டும் பதில் போடவில்லை.

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 'ஒரு நல்ல விஷயம்' என்று யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் நான் போவதில்லை, அவ்வளவுதான். ஏன் என்று இத்தனை வருடம் நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் எல்லோரும் என்னைப் பற்றி ஒரு விஷயத்தைத் தப்பாக நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஆறாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை அது. எங்கள் வீடு மலைக்கோட்டைக்குப் பின்னால் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பகலெல்லாம் காய்ந்த பாறை, சாயங்காலம் அந்தச் சூட்டை எங்கள் தெருவின் மேல் இறக்கும். குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று நகராட்சிக்கே தெரியாது. வாசலுக்கு வாசல் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாகக் காத்துக் கிடக்கும். 'தண்ணி வந்துருச்சு' என்று ஒரு குரல் கேட்டால் போதும், உலை கொதித்தாலும் போட்டது போட்டபடி பெண்கள் ஓடுவார்கள். மற்ற நேரங்களில் அந்தக் குடங்கள்தான் எங்களுக்கு ஸ்டம்ப்.

நான் விக்கெட் கீப்பர். தெருவில் பையன்கள் அத்தனை பேர் இருந்தும் கீப்பர் நான்தான். பந்துக்குக் கண்ணை மூடாத ஆள் வேறு கிடையாது என்று கேப்டன் அண்ணனே ஒப்புக்கொண்டிருந்தான். கேப்டன் அண்ணன் என்றால் பக்கத்துச் சந்துப் பையன், என்னைவிட இரண்டு வகுப்பு மேலே. அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தார். மெஷினில் வேலை செய்கிறவர்கள் போட்டுக் கழித்த துணிக் கையுறை ஒரு ஜோடி கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதற்குள் மில்லின் கழிவுப் பஞ்சைத் திணித்து, நானே கோணி ஊசியால் தைத்துக்கொண்டேன். எண்ணெய் வாடையும் பஞ்சு வாடையும் கலந்து அடிக்கும். ராத்திரி தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பேன். பள்ளி திறப்பதற்குள் மேட்டுத் தெருக்காரர்களோடு ஒரு மேட்ச் பேசி வைத்திருந்தோம். அந்த விடுமுறையில் எனக்கு வேண்டியிருந்தது அந்த மேட்ச் ஒன்றுதான்.

அம்மாவுக்கும் அந்தக் கோடையில் ஒன்று வேண்டியிருந்தது. அம்மா வீட்டை விட்டுப் போகிற இடங்கள் இரண்டு. ஒன்று ரேஷன் கடை, இன்னொன்று அபிராமி அம்மன் கோயில். மூன்றாவதாக ஓர் இடம் இருக்கலாம் என்று அப்பாவுக்குத் தோன்றியதே இல்லை. கோயிலில்தான் அம்மாவுக்குக் கம்பெனி அக்கா பழக்கமானார். ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆள். பேச்சில் 'ங்க' போடாமல் மூச்சுவிட மாட்டார். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாக்கள் விற்கிற ஒரு கம்பெனியில் இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை பெரிய பையோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"வீடு வீடாப் போயி விக்க வேண்டாமுங்க. அக்கம்பக்கத்துல இருக்கறவங்களை உங்க வீட்டுக்குக் கூப்பிடுங்க. கதவத் தொறந்து வெச்சு உக்காந்தாப் போதும். இதுக்குப் பேரு ஓப்பன் ஹவுஸுங்க" என்றார்.

அப்பா யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். "வீட்டுக்குள்ளயே பண்றதுன்னா பண்ணு. ஒரே ஒரு தடவ. சரிப்பட்டு வரலைன்னா டப்பாவ எல்லாம் அந்தம்மாகிட்டயே குடுத்துரணும். தெருவுல பையத் தூக்கிட்டு அலையிற வேலை வேணாம்."

அன்றிலிருந்து மத்தியானமெல்லாம் ஒத்திகை. நான்தான் விருந்தாளி. "வாங்க, உக்காருங்க" என்று என்னைப் பார்த்து அம்மா கும்பிடுவாள். டப்பாவில் தண்ணீர் நிரப்பி, மூடியை நடுவில் அழுத்திக் காற்றை வெளியேற்றுவாள். 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும். பிறகு என் தலைக்கு மேலே அதைக் கவிழ்த்துப் பிடிப்பாள். ஒரு சொட்டு விழாது. "உள்ள இருக்குற வாசம் வெளிய போகாது, வெளிய இருக்குற பூச்சி உள்ள வராது" என்று ராகம் போட்டுச் சொல்லுவாள். நிஜமாகவே நன்றாகப் பேசினாள். வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிற பெண்ணுக்குள் இவ்வளவு பேச்சு இருந்ததா என்று நான் வாயைப் பிளந்து உட்கார்ந்திருப்பேன். அவள் சந்தோஷமாக இருந்தாள். அதனாலேயே எனக்கும் அந்த டப்பாக்களைப் பிடித்துப்போனது.

கம்பெனி அக்கா ஒரு பாடம் சொல்லியிருந்தார். கூப்பிடும்போது எதற்கு என்று சொல்லக் கூடாது. "டப்பா விக்கறோம்னு சொன்னா ஒரு ஆளும் வராதுங்க. ஒரு நல்ல விஷயம், நேர்ல சொல்றேன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

அம்மாவுக்கு அங்கேதான் சிக்கல். காரணம் சொல்லாமல்கூடக் கூப்பிட்டுவிடலாம், ஆனால் வெறுங்கையோடு போய் ஒரு சுமங்கலியை வீட்டுக்கு வா என்று அழைப்பதா? அப்படி அழைத்து அவளுக்குப் பழக்கமில்லை. குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டாள். வீடு வீடாகப் போய்க் குங்குமம் கொடுத்து, "ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்கு அவசியம் வந்துருங்க. ஒரு நல்ல விஷயம்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டு வந்தாள்.

நம் பக்கத்தில் குங்குமச் சிமிழோடு ஒருத்தி படியேறி வந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணம், வளைகாப்பு, இல்லாவிட்டால் சடங்கு. எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு ஆள் கிடையாது. அம்மாவுக்கு வளைகாப்புப் போடும் காலம் மலையேறிவிட்டது. மிச்சம் இருந்தது நான்.

போதாக்குறைக்கு அந்த வாரம் எனக்குப் பொன்னுக்கு வீங்கி. தாடை வீங்கிக் காய்ச்சல் அடித்ததால் அம்மா என்னை வெளியே விடவில்லை. கன்னத்தில் மஞ்சள் பற்றுப் போட்டு, வழக்கப்படி தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் மாட்டியிருந்தாள். எதிர்வீட்டு அத்தை கறிவேப்பிலை வாங்க வந்தபோது உள்ளறை வாசல் வழியாக என்னைப் பார்த்தார். முகத்தில் மஞ்சள், கழுத்தில் சங்கிலி, தெருப்பக்கம் நடமாட்டம் இல்லை. அத்தை சிரித்துக்கொண்டே போனார். அவர் எதற்குச் சிரித்தார் என்று எனக்கும் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே கம்பெனி அக்கா வந்துவிட்டார். கூடத்தில் பாய் விரித்து, டப்பாக்களைப் பெரியது சிறியது பார்த்து அடுக்கி, மேலே ஒரு பட்டுத் துண்டைப் போட்டு மூடினார். அம்மா கேசரி கிண்டி, சுண்டல் தாளித்து வைத்திருந்தாள். வெற்றிலை பாக்கு, சிறுமலைப் பழம், மல்லிகைப் பூ, குங்குமம் எல்லாம் ஒரு தாம்பாளத்தில் தயாராக இருந்தன. அக்கா அந்தத் தாம்பாளத்தை எடுத்துப்போய் அடுப்படி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

"இதை முன்னாடியே குடுத்துறாதீங்க. குங்குமம் வாங்குனா எந்திரிச்சுப் போயிருவாங்க. எல்லாம் முடிஞ்சு கடசியாத்தான் குடுக்கோணும்" என்றார். அம்மா தலையாட்டினாள். வீக்கம் பாதி வடிந்திருந்த எனக்குப் பட்டுப்பாவாடை கட்டி உட்கார வைத்திருந்தார்கள், வீடு பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்று.

முதலில் வந்தது எதிர்வீட்டு அத்தை. கையில் தட்டு. தட்டில் புட்டு, முட்டை, நல்லெண்ணெய்ப் பாட்டில், ஒரு டஜன் கண்ணாடி வளையல்.

"எங்கத்தா எம் மருமக?" என்று கேட்டுக்கொண்டே நேரே வந்து என் முகத்தை வழித்து நெற்றிப்பொட்டில் சொடக்குப் போட்டார். அம்மாவைப் பார்த்து, "ஏத்தா, மொதத் தண்ணி ஊத்த என்னையக் கூப்பிட்டிருக்கலாம்ல? இம்புட்டு ரகசியமா?" என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டார்.

அம்மா என்ன என்று புரியாமல் சிரித்தாள். அடுத்து வந்தவர் கையிலும் தட்டு. அதற்கடுத்தவர் உளுந்தங்களி கொண்டுவந்தார். நாலாவது தட்டு வந்தபோது அம்மாவின் சிரிப்பு நின்றது. எனக்கு அப்போதும் ஒன்றும் விளங்கவில்லை. பொன்னுக்கு வீங்கிக்கு இவ்வளவு பலகாரமா என்றுதான் நினைத்தேன்.

அம்மா கம்பெனி அக்காவை அடுப்படிக்கு இழுத்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அக்கா, இவங்க எல்லாம் என் பொண்ணு வயசுக்கு வந்துட்டான்னு நெனச்சு வந்துருக்காங்க. அவ இன்னும் ஆகலக்கா. போயி சொல்லிர்றேன்" என்றாள் அம்மா.

"சொன்னா என்னங்க ஆகும்? சிரிச்சுட்டுத் தட்டத் தூக்கிட்டுப் போயிருவாங்க. உங்க வீட்டுக்காரரு ஒரு தடவைதான்னு சொல்லியிருக்காருங்க."

"அதுக்காகப் பொய்யி..."

"நாம எங்கீங்க பொய் சொன்னோம்? அவங்களா நெனச்சுக்கிட்டாங்க. இன்னைக்கில்லாட்டி நாளைக்கு ஆகப்போறவதானுங்களே" என்றார் அக்கா.

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. அவள் வெளியே போய்ச் சொல்லியிருப்பாள் என்றுதான் இன்றும் நம்புகிறேன். கூடத்துக் கதவு வரைக்கும் போகவும் செய்தாள். ஆனால் அப்போதுதான் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. உள்ளேயிருந்து மாமா இறங்கினார்.

மாமா அம்மாவின் ஒரே அண்ணன். வத்தலக்குண்டில் தேங்காய் மண்டியில் வேலை. எதிர்வீட்டு அத்தையின் கணவர் அந்தத் தடத்தில் பஸ் கண்டக்டர். அவர் பஸ் ஸ்டாண்டில் மாமாவைப் பார்த்துச் செய்தியைச் சொல்லிவிட்டார். மாமா புது வேட்டி கட்டியிருந்தார். தோளில் ரோஜா மாலை, ஒரு கையில் பழத்தார், மறு கையில் பட்டுப்புடவைப் பெட்டி. அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"ஏத்தா, தாய்மாமன்னு ஒருத்தன் உசுரோட இருக்கேன்ல? ஊர்க்காரன் சொல்லியா நான் தெரிஞ்சுக்கணும்?" என்று அம்மாவைக் கேட்டார். கேட்டுவிட்டு அத்தனை பேர் முன்னாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா வாயைத் திறந்தாள், மூடினாள். உண்மையைச் சொல்ல அதற்கப்புறம் திறக்கவே இல்லை.

என்னை ஒரு பலகையில் உட்கார வைத்தார்கள். எங்கள் வீட்டில் உலக்கை கிடையாது. எதிர்வீட்டு அத்தை ஓடிப்போய் எடுத்துவந்து எனக்கு முன்னால் குறுக்கே போட்டார். அதைத் தாண்டக் கூடாது என்றார். மாமா மாலை போட்டார். ஒவ்வொரு பெண்ணாக வந்து சந்தனத்தை என் இரண்டு கன்னத்திலும் அழுத்திப் பூசினார்கள். வீக்கம் முழுதாக வடியாத தாடை. ஒவ்வொரு கை படும்போதும் உயிர் போனது. கண்ணில் நீர் கொட்டியது. "வெக்கத்தப் பாரு" என்றார் ஒருவர். "பயந்துருச்சு, பாவம்" என்றார் இன்னொருவர்.

"எப்பத்தா ஆச்சு? காலையிலயா, சாயங்காலமா?" என்று எதிர்வீட்டு அத்தை என் காதில் கேட்டார். அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. இல்லை அத்தை என்று சொல்லத்தான் அம்மாவைத் தேடினேன். அம்மா டப்பாக்களுக்குப் பக்கத்தில், பட்டுத் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை காலையில" என்று அங்கிருந்தே அம்மா சொன்னாள்.

அதோடு என் கதை முடிந்தது. சடங்கு ஆகிவிட்டது.

கேசரி கொடுத்து முடிந்ததும் கம்பெனி அக்கா துண்டை விலக்கினார். பெண்களுக்கு முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. சீர் வரிசையில் இதுவும் ஒன்று என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள். அம்மா பேச ஆரம்பித்தாள். முதல் இரண்டு வார்த்தைக்குக் குரல் உடைந்தது. அப்புறம் ஒத்திகையில் பேசியதைவிட நன்றாகவே பேசினாள். எதிர்வீட்டு அத்தையின் பட்டுப்புடவை மடிக்கு மேலே தண்ணீர் டப்பாவைக் கவிழ்த்தாள். அத்தை அலறினார். ஒரு சொட்டு விழவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. உலக்கைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு நானும் கை தட்டினேன், சொன்னால் நம்புவீர்களா?

அந்த நேரம் பார்த்துத் தெருவில் கேப்டன் அண்ணனின் குரல் கேட்டது. "தண்ணி வந்துருச்சு! தண்ணி வந்துருச்சு!"

கூடத்தில் இருந்த அத்தனை தலைகளும் வாசலுக்குத் திரும்பின. தெருவில் குடங்கள் உருளும் சத்தம். ஆனால் ஒருவராலும் எழுந்திருக்க முடியவில்லை. சடங்கு வீட்டில் குங்குமம் வாங்காமல் எழுந்து போவது அந்தப் பிள்ளையின் வாழ்வுக்கு ஆகாது என்பார்களே. என் மேல் அவர்களுக்குப் பிரியம். அந்தப் பிரியம்தான் அவர்களைக் கட்டிப்போட்டது.

"ஏத்தா, குங்குமத்தக் குடு, போயிட்டு வாரோம்" என்றார் ஒருவர்.

"ரெண்டே நிமிசமுங்க, இன்னும் ஒரே ஒரு டப்பாதானுங்க" என்றார் கம்பெனி அக்கா. அம்மா அடுப்படிப் பக்கம் ஓரடி வைத்தாள். அக்கா கண்ணாலேயே அவளை நிறுத்தினார். பாயில் இருந்தவர்கள் நெளிந்தார்கள். ஒருவர் பாதி எழுந்து, என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தார். குழாயடியில் யாரோ சண்டை போடுகிறார்கள். தண்ணீர் எவ்வளவு நேரம் வரும் என்று சொல்ல முடியாது.

"எனக்கு அந்தப் பச்ச டப்பா எழுதிக்கத்தா. குங்குமத்தக் குடு" என்றார் ஒருவர். அவ்வளவுதான். "எனக்கும்", "எனக்கும் ஒண்ணு", "எதையாச்சும் எழுது, மொதல்ல விடு" என்று கூடமே எழுந்து நின்றது. கம்பெனி அக்கா ஒவ்வொருவரிடமும் கேட்டுக் குறித்துக்கொள்ள, அதற்குப் பிறகு அம்மா குங்குமம் கொடுத்தாள். வாங்கியவர்கள் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார்கள். டப்பா சொல்லாமல் போனவர் ஒருவர்கூட இல்லை.

"இப்படி ஒரு ஓப்பன் ஹவுஸ் எங்க கம்பெனியிலயே நடந்ததில்லீங்க" என்று அக்கா அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். மாமா கிளம்பும்போது என் தலையில் கை வைத்து, "இனிமே மட்டை, பந்துன்னு பயலுகளோட தெருவுல பாத்தேன், காலை ஒடிச்சுருவேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் காலுக்குக் கொலுசும் அவர்தான் மாட்டிவிட்டார்.

எல்லோரும் போன பிறகு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பாத்தியா? எல்லாரும் வாங்கிட்டாங்க" என்றாள்.

"நாளைக்கு நான் வெளாடப் போகலாமாம்மா?" என்று கேட்டேன்.

அவள் குறுக்கே கிடந்த உலக்கையைப் பார்த்தாள். எடுக்க யாருக்கும் நினைவில்லை. "கொஞ்ச நாள் போகட்டும்த்தா" என்றாள்.

சாயங்காலம் அப்பா ஷிப்ட் முடிந்து மில்லில் இருந்து வந்தார். தெருமுனையிலேயே அவருக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டார்கள். அம்மா நடந்ததைச் சொன்னபோது முதலில் சிரித்தார். பிறகு பட்டுப்புடவைப் பெட்டியைப் பார்த்தார். "மச்சான்கிட்ட யாரு போயி சொல்றது? என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். நிஜமாகவே கை கழுவிவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சின்ன உண்மையை வெளியே சொல்ல, வளர்ந்த மனிதர்கள் இரண்டு பேருக்குத் தைரியம் வரவில்லை. இதை இப்போது எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

கேப்டன் அண்ணன் ஜன்னல் பக்கம் வந்தான். "ஏலே கீப்பரு, வர்ற ஞாயித்துக்கிழமை மேட்ச்சு" என்றான். அவன் அம்மா இன்னும் அவனிடம் சொல்லவில்லை போல. அம்மா உள்ளேயிருந்து, "அவ இனிமே வரமாட்டா தம்பி" என்றாள். அவன் போய்விட்டான். மறுநாள் திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு, "கிளவுஸ் மட்டும்..." என்று இழுத்தான். கொடுத்தேன். இரண்டும் சேர்ந்து ஜன்னல் கம்பிக்குள் நுழையவில்லை. பஞ்சு அவ்வளவு திணித்திருந்தேன். ஒவ்வொன்றாக அமுக்கித் தள்ள வேண்டியிருந்தது. அவை எனக்குத் திரும்பி வரவே இல்லை. மேட்ச் நடந்த அன்று எங்கள் வீட்டுக்குச் சத்தம் மட்டும் கேட்டது. ஜெயித்தோமா தோற்றோமா என்று நான் கேட்கவில்லை.

பள்ளி திறந்ததும் நீங்கள் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டீர்கள். வகுப்பிலேயே முதலில் பெரிய மனுஷி ஆனவள் நான். வலிக்குமா, எத்தனை நாள், என்ன சாப்பிடணும் என்று கேட்டீர்கள். எனக்கு எப்படித் தெரியும்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வயிற்றுவலி தாடையில் ஆரம்பிக்கும் என்று உங்களில் ஒருத்தியிடம் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இவ்வளவு காலம் கழித்து அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மாவின் கதை என் கதையைவிட நன்றாக முடிந்தது என்று சொல்ல முடியாது. டப்பாக்கள் வந்தன. நல்ல டப்பாக்கள்தான், குறை சொல்ல முடியாது. தெருவில் எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு அம்மா சிமிழை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாலே எதிர்வீட்டுக் கதவு மெல்லச் சாத்திக்கொள்ளும். கறிவேப்பிலைக்குக்கூட யாரும் வரவில்லை. கூப்பிட்டால், "இந்தா வாரேன்" என்பார்கள், வரமாட்டார்கள். வேறு தெருவில் நடத்தலாம் என்றார் கம்பெனி அக்கா. வேறு தெரு என்றால் பையைத் தூக்க வேண்டும். அப்பா சம்மதிக்கவில்லை. அக்கா கொஞ்ச நாள் வந்து பார்த்துவிட்டு, பிறகு வேறு யார் வீட்டுக் கூடத்தையோ தேடிப் போய்விட்டார். காட்டுவதற்கென்று வாங்கிய டப்பாக்கள் எங்கள் பரணில் அடுக்கியபடி இருந்தன. முன்பு நான் தெருவில் இருப்பேன், அம்மா வீட்டில் இருப்பாள். இப்போது இருவரும் ஒரே கூடத்தில் இருந்தோம். அவள் பக்கமும் யாரும் வரவில்லை, நானும் எங்கும் போகவில்லை.

நிஜம் அடுத்த வருடம் அரையாண்டு விடுமுறையில் வந்தது. காலை வேளை. அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னை நம்பாதவள் போல ஒரு கணம் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள்.

ஒரு தடவை சடங்கு சுற்றிய பெண்ணுக்கு மறுபடி எப்படிச் சுற்றுவது? மாமாவிடம் என்ன சொல்வது? அம்மாவே தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். அடுப்படிக் கதவையும் சாத்திக்கொண்டு உளுந்தங்களி கிண்டினாள். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்ந்த வாசம் எப்பேர்ப்பட்ட சுவரையும் தாண்டும், உங்களுக்குத் தெரியும். யாராவது மோந்து பார்த்து, 'யாருக்குக் களி?' என்று கேட்டுவிட்டால்? அம்மா நாற்காலி போட்டுப் பரணில் இருந்து பச்சை டப்பாவை எடுத்தாள். களியைச் சூடாக உள்ளே வைத்து மூடியை அழுத்தினாள். 'புஸ்' என்று காற்று வெளியேறியது. ஒரு துளி வாசம் வெளியே வரவில்லை. உள்ளறையில் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து சாப்பிட்டேன். ஒவ்வொரு வாய்க்கும் அம்மா மூடியைத் திரும்ப அழுத்தினாள்.

சாப்பிட்டு முடித்ததும் குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து என் நெற்றியில் வைத்தாள். வைப்பதற்கு வேறு கை இல்லை. "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்த்தா. உன்னையப் புடிச்சு உள்ள போட்டுட்டேன்" என்றாள். அழுதாள். பிறகு விறுவிறுவென்று போய் வாசல் கதவை அகலத் திறந்தாள்.

"போ. போயி வெளாடிட்டு வா. யாரு என்ன கேட்டாலும் நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

தெருவில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. நான் வாசல்படி வரைக்கும் போனேன். குடத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பையன் என் கையுறைகளை மாட்டிக்கொண்டு குனிந்திருந்தான். அவன் விட்ட பந்து உருண்டு வந்து என் காலடியில் நின்றது. எடுத்தேன். கேப்டன் அண்ணன் ஓடிவந்து, என்னைப் பார்த்ததும் நாலடி தள்ளியே நின்றுவிட்டான். அவனுக்கு மீசை அரும்பியிருந்தது. என்னை ஏலே என்று கூப்பிட்டவன் அவன்.

"பந்தக் குடுங்க" என்றான்.

கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளே சாத்தினாள்.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டிருக்கும் தோழிக்கு என் பதில் இதுதான். வருகிறேன். உன் பவுடரையும் வாங்கிக்கொள்கிறேன், முழங்காலுக்கு ஆகட்டும். ஆனால் எனக்கு ஒரு உபகாரம் செய்ய வேண்டும். நான் செருப்பைக் கழற்றும்போதே, வாசலிலேயே, என் நெற்றியில் குங்குமத்தை வைத்துவிடு. அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காருகிறேன்.